மலையேறும் காரில் பெட்ரோல் வாடை

"அண்ணே, வண்டிக்குள்ள பெட்ரோல் வாடை அடிக்குது." மேட்டுப்பாளையத்தில் டேங்கை நிரப்பிக்கொண்டு ஊட்டிக்குப் போகிறவர்கள், குன்னூரில் என் பட்டறையில் நிறுத்திச் சொல்லும் புகார் இது.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். அழுத்தம் குறைந்தால் டேங்கில் பெட்ரோல் எளிதாக ஆவியாகும். அந்த ஆவியைக் கேனிஸ்டர் என்னும் கரி டப்பா பிடித்து வைக்கிறது. இன்ஜின் சூடேறி ஓடும்போது, கேனிஸ்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் பர்ஜ் வால்வு திறக்கும். ஆவி இன்ஜினுக்குள் போய் எரிந்துவிடும்.

வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால், பெட்ரோல் போட்ட கையோடு ஸ்டார்ட் ஆக வண்டி அடம்பிடிக்கும். ஐடிலிங் தடுமாறும். 'செக் இன்ஜின்' விளக்கும் எரியலாம்.

வாடை என்று வந்தால், நான் முதலில் ஆவி போகும் ஹோஸ்களில் வெடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். பிறகு இன்ஜினை ஆறவிட்டு வால்வைக் கழற்றி, கைப்பம்பால் காற்றடிப்பேன். மின்சாரம் இல்லாதபோது பெரும்பாலான வால்வுகள் மூடியிருக்க வேண்டும். காற்று போனால் வால்வு போச்சு. 12 வோல்ட்டை ஒரு கணம் கொடுத்தால் 'டிக்' என்று திறக்க வேண்டும். வாயால் ஊதிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். பெட்ரோல் ஆவி நெஞ்சுக்கு ஆகாது. பீடி, சிகரெட் பக்கத்திலேயே வரக்கூடாது.

வால்வு மாற்றுவது சின்ன வேலை. கேனிஸ்டர் கெட்டால்தான் செலவு. பெட்ரோல் பங்கில் குழாய் தானாக நின்ற பிறகும் வண்டியைக் குலுக்கி நிரப்பினால், பெட்ரோல் அந்தக் கரிக்குள் புகுந்து அதைப் பாழாக்கிவிடும். முதல் 'டக்'கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.