அரூர் மாணவருக்கு எட்டும் பாடம்

மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயம் 2017 ஜூலையில் தொடங்கப்பட்டது. ஒரு பருவத்துக்கான கிரெடிட்களில் 40 சதவீதம் வரை அதன் வழியே பெறலாம் என்று 2021இல் யுஜிசி அனுமதித்தது. 2022 மார்ச்சில் வந்த தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டமும் ஆன்லைன் பாடங்களைக் கல்லூரிகளுக்குள் கொண்டுவந்தது. இந்தப் பாடங்களில் பெரும்பாலானவை ஒரு கற்பனை மாணவரை மனத்தில் வைத்துத் தயாராகின்றன. அவரிடம் லேப்டாப் இருக்கும், வீட்டில் வைஃபை இருக்கும், ஆங்கிலம் காதில் விழுந்ததுமே புரியும், கண்ணும் செவியும் குறைவின்றி இயங்கும். அரூர் அரசு கலைக் கல்லூரி போன்ற ஓர் இடத்தில் அப்படிப்பட்டவர்தான் அபூர்வம். தமிழ்வழியில் பள்ளி முடித்து, தீர்த்தமலை, மொரப்பூர் பக்கமிருந்து பஸ் ஏறி வந்து, கையிலிருக்கும் மொபைலிலேயே படித்தாக வேண்டியவர்களுக்கான கல்லூரி அது. சித்தேரி மலைக் கிராமத்து மாணவருக்கு சிக்னலும் ஒரு கவலை. ஆகவே மாற்றுத்திறனாளி மாணவருக்காகப் பாடத்தில் செய்யப்படும் மாற்றங்களை இங்கே சலுகைக் கணக்கில் எழுதக் கூடாது. ஊர் முழுவதற்கும் வேண்டியவை அவை.

அனைவருக்குமான வடிவமைப்பு என்ற கருத்தை முன்வைத்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்டு மேஸ், போலியோவால் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். கட்டி முடித்த பிறகு சாய்தளம் ஒட்டுவதைவிட, வரைபடத்திலேயே எல்லோரையும் நினைக்க வேண்டும் என்பது அவர் வாதம். பாடத்துக்கும் அதுவே பொருந்தும். விரிவுரையாளர் வரைபடத்தைச் சுட்டி “இந்தக் கோடு இப்படிப் போகிறது” என்றால் பார்வையற்ற மாணவருக்கு ஒன்றும் கிடைக்காது. “விலை கூடக் கூடத் தேவை குறைகிறது” என்று வாய்விட்டுச் சொன்னால் அவருக்கும் விளங்கும், பஸ்ஸில் ஒலியை மட்டும் கேட்டு வருபவருக்கும் விளங்கும். இதற்குச் செலவே இல்லை. சப்டைட்டில் செவித்திறன் குறைந்தவருக்கு வழி; வேகமான ஆங்கிலத்தைப் பிடிக்கத் திணறும் தமிழ்வழி மாணவருக்கும் அதுவே துணை. முழு உரையும் எழுத்தில் கிடைத்தால், வீடியோ ஓடாத இடத்திலும் அது சில நொடிகளில் இறங்கிவிடும். ஆன்லைன் பாடங்கள் வழங்கும் என்பிடெல் தன் பாடங்கள் பலவற்றுக்கு எழுத்துவடிவம் தந்து, தமிழிலும் பெயர்த்திருக்கிறது. செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தமிழுக்கே உரிய ஒரு தடையும் உண்டு. கல்லூரிக் குறிப்புகள் இன்னமும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் சுற்றிவருகின்றன. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள். என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பான் அவற்றைப் பொருளற்ற ஓசையாகத்தான் படிக்கும். அந்த எழுத்துரு இல்லாத மொபைலிலும் குப்பையாகவே தெரியும். புத்தகப் பக்கங்களைப் படமெடுத்து பிடிஎஃப் ஆக்கினாலோ, படிக்க எழுத்தே இல்லை. யூனிகோடில் தட்டச்சு செய்தால் இத்தனை சிக்கலும் தீரும். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுவிட்டது என்பதை நினைத்தால் இந்தத் தாமதம் வேதனை தருகிறது.

“வகுப்பில் ஓரிருவருக்காக இவ்வளவா?” என்பார்கள். நுழையவே முடியாதவர்கள் வருகைப் பதிவேட்டில் இருக்க மாட்டார்கள். அந்த எண்ணிக்கையைக் காட்டி வாதிடுவது நியாயமில்லை. செலவு என்ற மறுப்புக்கு வலு அதிகம். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகம், தன் இலவச விரிவுரைகள் செவித்திறன் குறைந்தவர்களுக்கு எட்டவில்லை என்று அந்நாட்டு நீதித் துறை 2016இல் கண்டறிந்தபின், 20,000க்கு மேற்பட்ட பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்தே விலக்கிக்கொண்டது. இதே குறைக்காக வழக்கைச் சந்தித்த ஹார்வர்டு 2019இலும் எம்ஐடி 2020இலும் சப்டைட்டில் தர உடன்பட்டன. பெர்க்லியை மலைக்க வைத்தது பல ஆண்டுகளாகச் சேர்ந்த பாக்கி. புதிய பாடத்தைத் தொடக்கத்திலேயே சரியாகச் செய்பவருக்கு அந்தச் சுமை வராது. தரம் குறையும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. தேர்வில் கேள்வி அதேதான், திருத்தும் அளவுகோலும் அதேதான். கேள்வியைப் படிக்கும் வழியும் பதில் தரும் வழியும் மட்டுமே கூடுகின்றன.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அனைவருக்குமான வடிவமைப்பை வரையறுத்திருக்கிறது. மின்னணு உள்ளடக்கம் எட்டக்கூடிய வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக நின்றால் போதாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்றது. அந்தக் கட்டாயத்தை அரூரில் ஒரு விரிவுரையாளர் தலையில் மட்டும் சுமத்துவது தவறு. ‘நான் முதல்வன்’ திட்டத்துக்குப் பாடம் வழங்கும் நிறுவனங்களோடு ஒப்பந்தம் போடுவது அரசு. சப்டைட்டில், யூனிகோடு உரை, திரைவாசிப்பானில் இயங்கும் தேர்வு ஆகிய மூன்றும் இல்லாத பாடத்துக்குப் பணம் இல்லை என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.