வெயிலில் காயும் ஒயின்

சரக்கை வெயில் படாமல் காப்பது நம் வழக்கம். பிரான்சின் தென்கோடியிலுள்ள ரூசியோன் வட்டாரத்தில், மோரி என்ற ஊரிலோ, இனிப்பு ஒயினைக் கண்ணாடிக் குடுவைகளில் நிரப்பி ஓராண்டு வரை வெட்டவெளியில் வைக்கிறார்கள்!

திராட்சைச் சாறு நொதித்துக் கொண்டிருக்கும்போதே நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை சாராயம் சேர்ப்பார்கள். நொதிப்பு நின்று, மீதிச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும்.

தொல்லை அதன் பிறகுதான். பன்யூல்ஸ் ஊரின் உயர்ரகம் 30 மாதமாவது மரப்பீப்பாயில் இருந்தாக வேண்டும். போட்ட முதல் முடங்கும். ஆவியாகிக் குறைவது தனி நஷ்டம். 1980-களுக்குப் பின் பிரெஞ்சுக்காரர்களிடம் இனிப்பு ஒயின் மோகம் தணிந்து விற்பனை சரிந்தது. பலர் இனிப்பில்லாத ஒயினுக்கு மாறினார்கள்.

ஆனால் விலைபோகாமல் தங்கிய 1930, 1940-களின் பழைய சரக்குக்கு இன்று நல்ல கிராக்கி. அதைத் தேடி வாங்கி, புட்டியில் அடைத்து விற்கும் வியாபாரிகளும் அங்கே உண்டு.