கடுகளவு நாட்டுக்கும் ஓர் ஓட்டு

உலக வரைபடத்தில் ஒரு நாடு கையகலம் இருக்கும், இன்னொன்று கடுகளவு இருக்கும். ஆனால் 1959இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தொடங்கிய சர்வதேச நிலப்படவியல் சங்கத்தில் இரண்டுக்கும் தலா ஓர் ஓட்டுதான். விதி அப்படி; நியாயமான விதி!

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் பொதுச்சபைதான் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது. ஆய்வுக் குழுக்கள் தொடர வேண்டுமா என்பதையும் அங்கேதான் முடிவு செய்கிறார்கள்.

சங்கத்தின் முதல் பெண் துணைத்தலைவர் அமெரிக்காவின் பார்பரா பெட்செனிக். அவர் நினைவாக 1993 முதல் குழந்தைகளுக்கான உலக வரைபடப் போட்டி நடக்கிறது. 15 வயது வரையிலான பிள்ளைகள் கலந்துகொள்ளலாம். உங்கள் வீட்டுப் பிள்ளையிடமும் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, உலகத்தை வரையச் சொல்லுங்கள்.