இரு விளையாட்டுலகங்களும் திணைக்கொள்கையும்

சென்னை வேளச்சேரியில் மாணவர் சிலர் ஒருங்குகூடி வீடியோ விளையாட்டுகள் ஆடியதை நாம் அருகிருந்து காண நேர்ந்தது. அவருள் முதுகலைத் தமிழ் பயிலும் ஒருவர், திரையில் தோன்றிய மணல்வெளியைப் 'பாலை' என்றும் பனிமலையைக் 'குறிஞ்சி' என்றும் சுட்டினார். அச்சுட்டு பொருந்துமா என்னும் வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

ஈண்டு ஒப்பிடப்படுவன இரண்டு. ஒன்று, நின்டெண்டோ நிறுவனம் 2017 மார்ச்சில் வெளியிட்ட 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்'. இதனை இயக்கியவர் ஹிடெமாரோ ஃபுஜிபயாஷி. மற்றொன்று, ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனம் ஆக்கி, 2022 பிப்ரவரியில் வெளிவந்த 'எல்டன் ரிங்'. இதனை இயக்கியவர் ஹிடெடாக்கா மியாசாக்கி. இதன் தொன்மக் கதைக்கு அடித்தளம் அமைத்தவர் அமெரிக்க நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். இரண்டும் ஜப்பானில் ஆக்கப்பட்டவை. ஒரே வழியிற் செல்லாது, பரந்த நிலப்பரப்பில் ஆடுவோன் தான் விரும்பிய திசையிற் சென்று போர்புரிதல் இரண்டற்கும் பொது.

முதற்பொருள்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். செல்டா விளையாட்டில் அவ்விரண்டும் வெறும் பின்னணியாக நில்லாமல் வினையை ஆளுகின்றன. மழை பெய்யின் பாறை வழுக்கும், ஏறுவோன் சறுக்குவான். இடி முழங்குங்கால், உலோகப் படைக்கலம் பூண்டவன்மேல் மின்னல் பாயும். தக்க உடையேனும் காரமிட்டுச் சமைத்த உணவேனும் இன்றிப் பனிமலை புகுவோன் உயிர் குன்றுவான்.

எல்டன் ரிங்கிலும் மழை உண்டு. இரவில் மட்டும் தோன்றும் பகைவரும் உளர். ஆயினும் ஆடுவோனைப் பெரிதும் தடுப்பது பகைவர் வலிமையே. நிலம் அங்கே முன் நிகழ்ந்தவற்றின் சான்றாக நிற்கிறது. இடிந்த கோட்டைகளையும், கிடைக்கும் பொருள்களோடு அமைந்த சிறு குறிப்புகளையும் இணைத்தே ஆடுவோன் பழங்கதையை உணர்தல் வேண்டும். வேளச்சேரித் தண்டீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளைக் கொண்டு ஊர் வரலாறு தொகுப்பாரின் பணியை இஃது ஒக்கும்.

பாலை

தொல்காப்பியர் பாலைக்குத் தனிநிலம் வகுத்திலர். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். செல்டாவிலுள்ள கெருடோ மணல்வெளி இயல்பாகவே வறண்டது. அங்கு ஒரு மகளிர் கூட்டம் நகரமைத்து வாழ்கிறது. எல்டன் ரிங்கிலுள்ள கேலிட் என்னும் நாடோ, மலேனியா, ரடான் என்னும் இருவரின் போரில் பரவிய செந்நிற அழுகலால் தன் இயல்பு திரிந்தது. எனவே, மாணவர் பாலை எனச் சுட்டிய மணல்வெளியினும் கேலிட்டே பாலைக் கருத்திற்கு அணித்து. திரிபின் காரணம் வேனிலன்று, போரே என்னும் வேறுபாட்டையும் நாம் மறத்தலாகாது.

உரிப்பொருள்

பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. கேலிட்டில் நிலத்திரிபு உண்டேனும், ஆடுவோன் உள்ளத்தை நிறைக்கும் பிரிவுத்துயர் இல்லை. செல்டாவிலோ நிலை வேறு. அதன் தலைவன் லிங்க் நூறாண்டு உறங்கி, நினைவிழந்து எழுகிறான். இளவரசி செல்டா அக்காலமெல்லாம் அரண்மனையில் பகையைத் தடுத்து நிற்கிறாள். அவள் எடுத்த 12 படங்களிற் காணும் இடங்களைத் தேடிச்சென்று அவன் நின்றவழி, இருவரும் உடனிருந்த நாள்கள் நினைவில் எழுகின்றன. காதல் என வெளிப்படக் கூறப்படவில்லை. ஆயினும் பிரிந்தாரை இடம் நினைவூட்டும் இவ்வமைப்பு அகமரபிற்கு நெருங்கியதே.

முடிபு

ஒரு விளையாட்டில் பாலையின் நிலத்திரிபும், மற்றொன்றில் அதன் உரிப்பொருளும் தனித்தனியே காணப்படுகின்றன. இரண்டும் ஒருங்கியைந்த திணை எதனிலும் இல்லை. ஆகவே தோற்றம் ஒன்றே கொண்டு திணைப்பெயர் சூட்டுதல் பிழை. நிலம் அங்கு என் செய்கிறது, யார் உள்ளத்தோடு இயைகிறது என்பனவே வினவத்தக்கன.

ஃபுஜிபயாஷி, தாம் நன்கறிந்த கியோட்டோ நகரின் நிலப்படத்தை ஒட்டித் தம் கற்பனை நாட்டின் தொலைவுகளை அளந்ததாகக் கூறியுள்ளார். நம் மாணவர்க்கும் அத்தகைய அளவுகோல் அருகிலேயே உண்டு. வேளச்சேரியை அடுத்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதற்கு முன், 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரித் தெருக்கள் நீரில் மூழ்கின. தாழ்நிலத்தில் வீடுகள் எழுந்த பின்னரும் நீர் தன் பழைய இடத்தை நாடிற்று. முதற்பொருளை இலக்கணச் சொல்லாக மட்டும் மனப்பாடம் செய்யும் மாணவர், தம் ஊர் நிலத்தின் இச்செயலையும் உடன்வைத்துக் கற்பாராக.