எட்டு மாசம்... ரெண்டு பேர்... ஒரு படகு!

கோடையில பாலாத்துல மணலை மட்டுமே பார்க்குற வேலூர் மக்களே, எட்டு மாசம் சுத்திலும் தண்ணியைப் பார்த்துக்கிட்டே வாழ முடியுமா உங்களால?

புதுச்சேரி ரூபாவும் கோழிக்கோடு தில்னாவும் வாழ்ந்து காட்டினாங்க. ரெண்டு பேரும் கடற்படையில லெப்டினன்ட் கமாண்டர்கள். 2024 அக்டோபர் 2-ம் தேதி கோவாவிலிருந்து 'தாரிணி' பாய்மரப் படகில் கிளம்பி, சுமார் 25,600 கடல் மைல் உலகைச் சுற்றி, 2025 மே 29-ல் திரும்பினார்கள். நடுவுல நிறுத்தம் நாலே நாலு!

படகு நீளம் 17 மீட்டர். டவுன் பஸ்ஸைப் போல ஒன்றரை மடங்கு. அதுக்குள்ளதான் வீடு, கிச்சன், ஒர்க்ஷாப் எல்லாம். ஜாலி ட்ரிப்னு நினைச்சா, ஸாரி! கிளம்பறதுக்கு முன்னாடி மூணு வருஷம் பயிற்சி. அதிலேயே சுமார் 38,000 கடல் மைல். உலகத்தைச் சுத்தினதைவிட ரிகர்சல்தான் நீளம்!

ஏன்னா, நடுக்கடல்ல மெக்கானிக் கிடையாது. பாய் கிழிஞ்சா நீங்கதான் டெய்லர். (கெட்டியான பாய்த்துணியில ஊசியை அழுத்த, உள்ளங்கையில தோல் பட்டை மாட்டிக்கணும். ஆம்பூர்க்காரங்க காலரைத் தூக்கி விட்டுக்கலாம்!) ஒயர் போனா எலெக்ட்ரீஷியன், காய்ச்சல் வந்தா டாக்டர். குடிக்க? கடல் தண்ணியைச் சுத்தம் பண்ற ஆர்.ஓ. மெஷின். நம்ம பக்கம் தோல் ஷாப் கழிவுநீருக்குப் பயன்படுத்துற அதே டெக்னிக்தான். அது மக்கர் பண்ணினா கழட்டி மாட்டவும் தெரியணும். ரெக்கார்ட் நோட்டைக் காப்பியடிச்சே லேப் முடிக்கிற நம்ம கோஷ்டி அங்கே என்ன பண்ணும்?

2025 ஜனவரி 30-ல் பசிபிக்கில் 'பாயின்ட் நீமோ'வைத் தாண்டினாங்க. கிட்டத்துக் கரையே 2,600 கிலோமீட்டருக்கு மேல. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்துல பறக்குற விண்வெளி நிலையத்து ஆட்கள்தான் சில சமயம் பக்கத்து வீட்டுக்காரங்க! அங்கேயும் சும்மா இல்லை. ஆராய்ச்சிக்காகத் தண்ணி சாம்பிள் எடுத்துக்கிட்டுத்தான் நகர்ந்திருக்காங்க.