வயலும் வழக்கும்

காவிரிப் படுகையில் வேளாண்மை ஏரோடும் நீரோடும் முடிந்துவிடுவதில்லை. வாய்க்காலில் இன்று யார் முறை, குத்தகை எவ்வளவு, வரப்பு யாருக்கு உரியது என்னும் வினாக்களும் நெல்லோடு சேர்ந்தே வளர்ந்தன. அவற்றுக்கு விடை தேடும் துறை சட்டம். வழக்கறிஞராக விரும்பும் மேல்நிலை மாணவர் தம்மை எவ்வாறு அணியப்படுத்திக்கொள்ளலாம் என்பதைத் தஞ்சை மண்ணின் வரலாறே நமக்குக் காட்டுகிறது.

ஆவணம் அறிதல்

1832இல் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரொன்றில் வறிய குடும்பத்தில் பிறந்தவர் தி. முத்துசாமி ஐயர். சிறுவயதிலேயே கிராமக் கணக்கரிடம் உதவியாளராக மாதம் ஒரு ரூபாய் ஊதியத்தில் பணிபுரிந்தார். பின்னர்ச் சென்னையில் பயின்று, 1856இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி என்னும் பெருமையும் அவரையே சேர்ந்தது. அவருடைய சிலை இன்றும் அவ்வுயர்நீதிமன்றத்தில் உள்ளது.

நிலக்கணக்குகளோடு பழகிய இளமை அவருடையது. அப்பழக்கத்தை நீங்களும் பெறலாம். பெற்றோரின் இசைவோடு வீட்டிலுள்ள பட்டா, சிட்டா, அடங்கல், கிரயப் பத்திரம் ஆகியவற்றைப் படித்துப் பாருங்கள். புல எண், பரப்பு, நான்கெல்லை, உரிமையாளர் பெயர் ஆகியவை ஓர் ஆவணத்திலிருந்து மற்றோர் ஆவணத்தில் மாறுபடுகின்றனவா என ஒப்பிடுங்கள். ஓர் எழுத்துப் பிழையும் ஒரு தலைமுறை வழக்காகலாம் என்பது அப்போது விளங்கும்.

கேட்கத் தெரிதல்

காவிரி நீர்ப் பங்கீட்டில் பேச்சுவார்த்தைகள் பயன்தராத நிலையில், 1983இல் காவிரிப் பாசன விவசாயிகளின் சங்கமொன்று உச்சநீதிமன்றத்தை நாடியது. மாநிலங்களுக்கு இடையிலான ஆற்றுநீர்ச் சிக்கலை நீதிமன்றமே நேரடியாக விசாரிப்பதற்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம் தடையாக இருந்தது. அரசியலமைப்பின் 262ஆம் உறுப்பு அத்தகைய தடைக்கு இடமளிக்கிறது. எனவே, அச்சட்டப்படி நடுவர் மன்றம் அமைக்குமாறு மத்திய அரசுக்கு ஆணையிட வேண்டும் என்பதே உழவர்களின் கோரிக்கையாயிற்று. 1990 மே மாதம் உச்சநீதிமன்றம் அவ்வாறே ஆணையிட்டது. ஜூன் 2ஆம் நாள் நடுவர் மன்றம் அமைந்தது. 2007இல் அதன் இறுதித் தீர்ப்பு தமிழகத்துக்கு 419 டி.எம்.சி. நீரை ஒதுக்கியது. 2018இல் உச்சநீதிமன்றம், பிலிகுண்டுலுவில் கர்நாடகம் ஆண்டுதோறும் வழங்கவேண்டிய அளவை 177.25 டி.எம்.சி. என வரையறுத்தது.

முப்பத்தைந்து ஆண்டுகள் நீண்ட இவ்வழக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. எதைக் கேட்க வேண்டும் என்பதோடு, யாரிடம் எச்சட்டத்தின்படி கேட்க வேண்டும் என்பதையும் அறிதல் ஒன்று, பொறுமை மற்றொன்று. அரசியலமைப்பின் முகப்புரையையும் அடிப்படை உரிமைகளையும் இப்போதே படிக்கத் தொடங்குங்கள். நாளிதழில் தீர்ப்புச் செய்தி வரும்போது வழக்கின் நிகழ்வு, எழுந்த வினா, வழங்கப்பட்ட விடை, அதற்கான காரணம் என நான்காகப் பிரித்து எழுதிப் பழகுங்கள்.

சான்று காட்டல்

பூம்புகாரில் பிறந்த கண்ணகி மதுரை அரசவையில் வாதிட்ட முறையை எண்ணிப் பாருங்கள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள் அவள். தேவியின் சிலம்பின் பரல் முத்து என்றான் பாண்டியன். இருவர் கூற்றும் அவையறியப் பதிவான பின்னரே சிலம்பு உடைக்கப்பட்டது. அவள் சினம் பெரிதாயினும் வழக்கை வென்றது சான்றே. பட்டிமன்றத்தில் பேசும்போது உங்கள் கருத்துக்கு மாறான தரப்பையும் ஏற்றுப் பேசிப் பாருங்கள். எதிர்த்தரப்பின் வலிமையை அறியாதவரால் தம் தரப்பைக் காக்க இயலாது.

படிப்பும் பாதையும்

மேல்நிலைக் கல்வியில் எப்பாடப்பிரிவில் பயின்றவரும் சட்டம் படிக்கலாம். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு உண்டு. பட்டம் பெற்ற பின் மூன்றாண்டுப் படிப்பும் உண்டு. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கான சேர்க்கை மேல்நிலைத் தேர்வு மதிப்பெண் அடிப்படையில் நடைபெறுகிறது. திருச்சிராப்பள்ளியிலுள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் சேரக் ‘கிளாட்’ நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். அது ஆங்கிலம், நடப்புச் செய்தி, சட்டம்சார் சிந்தனை, தருக்கம், அடிப்படைக் கணிதம் ஆகியவற்றைச் சோதிப்பது. நீண்ட பத்தியை விரைந்து படித்துப் பொருள் கொள்பவருக்கே அது எளிது. பட்டம் பெற்றவர் வழக்குரைஞர் மன்றத்தில் பதிவுசெய்து, அகில இந்திய வழக்குரைஞர் தேர்விலும் தேறவேண்டும்.

மொழிப்பயிற்சியை இரண்டாகக் கொள்க. கீழமை நீதிமன்றங்களில் தமிழிலும், உயர்நீதிமன்றத்தில் ஆங்கிலத்திலும் வாதிட நேரும். எழுத்தறியா முதியவருக்கும் விளங்கும் தமிழும், நீதிபதி ஏற்கும் ஆங்கிலமும் ஒருவரிடமே அமைதல் நன்று.

தலைமடையில் திறக்கும் நீர் கடைமடை வயலை எட்டினால்தான் பாசனம் முழுமை பெறும். சட்டத்தின் நிலையும் அதுவே. ஏட்டிலுள்ள உரிமையைக் கடைசி மனிதருக்குக் கொண்டுசேர்க்கும் வாய்க்காலாக விளங்குவது வழக்கறிஞரின் பணி. அவ்வாய்க்காலை வெட்டும் வேலையைப் பள்ளிப் பருவத்திலேயே தொடங்கலாம்.