கடல் செய்ய மறந்த கல்

இத்தாலியின் வடக்கே, ஆல்ப்ஸ் மலைத்தொடரின் ஒரு பகுதிக்கு டோலமைட் மலைகள் என்று பெயர். வெளிறிய சாம்பல் நிறச் சிகரங்கள். அந்தி வெயிலில் ரோஜா நிறம் ஏறும். பல சிகரங்கள் 3,000 மீட்டரைத் தாண்டுகின்றன. ஆனால் அவற்றின் கல் பிறந்தது கடலில். பார்வைக்குச் சுண்ணாம்புக்கல்தான். அமிலத்தை ஊற்றினால் மட்டும் சுண்ணாம்புக்கல்லைப்போல உடனே நுரைத்துப் பொங்காது. தெயோதா த டோலோமியு என்ற பிரெஞ்சு அறிஞர் 1791-இல் இந்த வேறுபாட்டை எழுதினார். அடுத்த ஆண்டே கல்லுக்கு அவர் பெயர் வந்தது.

சுண்ணாம்புக்கல்லின் கனிமமான கால்சைட்டில் கால்சியமும் கார்பனேட்டும் இருந்தால் போதும். டோலமைட்டில் கால்சியம் ஓர் அடுக்கு, மெக்னீசியம் ஓர் அடுக்கு, இரண்டுக்கும் நடுவே கார்பனேட் என்று வரிசை பிசகாமல் அமைய வேண்டும். கடல்நீரில் மூன்றுக்கும் பஞ்சமில்லை. மெக்னீசியம் கால்சியத்தைப்போல் ஐந்து மடங்கு இருக்கிறது. வேதியியல் கணக்குப்படி டோலமைட் தானாகவே படிய வேண்டும். பழைய பாறைகளில் மலை மலையாகக் கிடக்கிற இந்தக் கல், இன்றைய கடலடியில் மிக அரிது. லிண்டன் லேண்ட் என்ற அமெரிக்கப் புவியியலாளர், தேவைக்கு மேல் ஆயிரம் மடங்கு செறிவூட்டிய கரைசலை 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 32 ஆண்டுகள் வைத்துப் பார்த்தார். டோலமைட் உருவாகவில்லை. அந்தத் தோல்வியையே 1998-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அறிவியலில் இத்தகைய பொறுமைக்கு நாம் தரும் மரியாதை போதாது.

தடை மெக்னீசியத்தில் இருக்கிறது. அதன் அயனி மிகச் சிறியது. ஆறு நீர் மூலக்கூறுகளைத் தன்னைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்த நீர் உதிர்ந்தால்தான் அது கார்பனேட்டோடு சேர முடியும். 100 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் நீர் உதிர்ந்துவிடும். ஆய்வகத்தில் டோலமைட்டும் கிடைத்துவிடும். ஆனால் ஆழமற்ற பழைய கடல்கள் கொதித்துக்கொண்டிருக்கவில்லையே!

விடையின் ஒரு பகுதி பிரேசிலில் கிடைத்தது. ரியோ டி ஜெனிரோவுக்குக் கிழக்கே லகோவா வெர்மெல்யா என்ற சிறிய உப்புக் கழி இருக்கிறது. அதன் அடியில் உள்ள கரிய சேற்றில், இன்றைக்கும் டோலமைட் உருவாகிக்கொண்டிருப்பதை கிறிசோகோனோ வாஸ்கோன்செலோஸும் ஜூடித் மெக்கன்சியும் கண்டார்கள். அந்தச் சேற்றில் ஆக்சிஜன் இல்லை. சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றை ஆய்வகத்தில் வளர்த்தபோது, சூடாக்காமலேயே டோலமைட் படிகங்கள் தோன்றின. 1995-இல் இந்த முடிவு ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது.

பாக்டீரியா என்ன செய்கிறது? நத்தை தன் ஓட்டைக் கட்டுவதுபோல அது கல்லைக் கட்டுவதில்லை. சல்பேட்டை உட்கொண்டு, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகிறது. அதனால் நீரில் சல்பேட் குறைகிறது, பைகார்பனேட் பெருகுகிறது. சல்பேட்டோடு ஒட்டிக்கிடந்த மெக்னீசியமும் விடுபடுகிறது. இதைவிட நுட்பமான வேலை செல்லின் மேற்பரப்பில் நடக்கிறது. செல்சுவரிலும் அதைப் போர்த்திய வழவழப்பான படலத்திலும் கார்பாக்சில் தொகுதிகள் நிறைய இருக்கின்றன. எதிர்மின்னூட்டம் கொண்ட இவை மெக்னீசியத்தைத் தம்மிடம் இழுத்து, அதன் நீர்ப்போர்வையைத் தளர்த்துகின்றன. கல்லுக்கு முதல் விதை அங்கே விழுகிறது.

அப்படியானால் செல் உயிரோடு இருக்கத்தான் வேண்டுமா? கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெனிபர் ராபர்ட்ஸ் குழுவினர், பாக்டீரியாவுக்குப் பதிலாகக் கார்பாக்சில் பூசிய நுண்ணிய பாலிஸ்டைரீன் உருண்டைகளைக் கரைசலில் இட்டார்கள். அவற்றின் மீதும் டோலமைட் படிந்ததாக 2013-இல் அறிவித்தார்கள். எனக்கு இது பாக்டீரியாவின் பங்கைக் குறைத்ததாகத் தோன்றவில்லை. அந்தப் பங்கு எங்கே இருக்கிறது என்று சுட்டிக்காட்டியதாகவே தோன்றுகிறது.

ஆனால் ஒரு கடினமான மறுப்பு எஞ்சி நிற்கிறது. ஆய்வகத்தில் இப்படிக் கிடைத்த படிகங்கள் பலவற்றில் கால்சியமும் மெக்னீசியமும் அடுக்கு மாறிக் கலந்தே கிடக்கின்றன. அவை மெக்னீசியம் மிகுந்த கால்சைட்டே தவிர உண்மையான டோலமைட் அல்ல என்று சிலர் வாதிடுகிறார்கள். மிச்சிகன், ஹொக்கைடோ பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இந்த இடத்தில்தான் பொருந்துகிறது. இடம் மாறி ஒட்டிய அணுக்கள் எளிதில் கரைந்துவிடும். ஆகவே படிகத்தை வளரவிட்டு, கொஞ்சம் கரையவிட்டு, மறுபடி வளரவிட்டால் பிழைகள் கழுவப்படும். ஒரு டோலமைட் துணுக்கின் மேல், அதைக் கொஞ்சம் கரையவைக்கும் எலக்ட்ரான் கற்றையை இரண்டு மணி நேரத்தில் 4,000 முறை துடிக்கவிட்டு, சுமார் 300 அடுக்குகளை வளர்த்துக் காட்டினார்கள். முன்பு ஐந்து அடுக்கைத் தாண்டியதில்லை.

இயற்கையில் மழையும் ஓதமும் நீரின் செறிவை இப்படி மாற்றிக்கொண்டே இருக்கின்றன. நுண்ணுயிர்ப் பாய்களிலும் இந்த ஏற்ற இறக்கம் உண்டு: பகலில் ஒளிச்சேர்க்கையால் நீரின் காரத்தன்மை கூடுகிறது, இரவில் சுவாசத்தால் குறைகிறது. ஒவ்வொரு நாளும் ஒரு படிவு, ஒரு கரைவு. விதையிட்ட நுண்ணுயிர்களே பிழைதிருத்தும் வேலையையும் செய்கின்றனவா என்பதுதான் இனி சோதித்துப் பார்க்க வேண்டிய கேள்வி என்று நினைக்கிறேன்.